பக்கத்து இருக்கையில் சத்திராஜு

அமலாபுரத்தில் கார் ஓட்டத் தெரிந்த ஆண்களில் பாதிப் பேருக்கு இடது முழங்காலில் ஒரு கூச்சம் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சும்மா கையைத் தூக்கினாலே அந்தக் கால் தானாகக் கிளட்ச்சைத் தேடும். சத்திராஜு காரு இந்த ஊருக்குச் செய்த சேவை அது. இந்தக் ‘காரு’ வண்டி இல்லை, தெலுங்கில் ‘அவர்கள்’ என்கிற மரியாதை. ஸ்ரீ வீரபத்ரா டிரைவிங் ஸ்கூலை அவர் இருபத்து மூன்று வருடமாக நடத்துகிறார். கையில் ஒரு மர ஸ்கேல், தொண்டையில் லாரி ஹாரன். இவை இரண்டும்தான் பாடத்திட்டம். அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ராவுலபாலம் லாரிக்காரர், கியர் தப்பினால் ஓடும் வண்டியிலிருந்து இறக்கிவிட்டு அடுத்த கிலோமீட்டர் கல் வரை ஓடி வரச் சொல்வாராம். அதை நினைத்தால் தான் எவ்வளவு சாது என்று சத்திராஜுவுக்கே தன்மேல் பெருமை.

அவருக்கு அடுத்த கடை என்னுடையது. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து இருபத்தேழு வருடமாகியும் இந்த ஊருக்கு நான் இன்னும் ‘அரவ அன்னய்யா’தான், அதாவது தமிழ்க்கார அண்ணன். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். சத்திராஜு பாடம் நடத்தினால் என் கடையில் காகிதம் பறக்கும் என்று டீக்கடையில் சொல்வார்கள். பறந்ததில்லை. ஆனால் லேமினேஷன் கோணிப்போனது உண்டு.

முன்பெல்லாம் கோடையில் வாசலில் பையன்கள் வரிசையில் நிற்பார்கள். துபாய்க்கும் குவைத்துக்கும் டிரைவர் வேலைக்குப் போகிறவர்கள். திட்டு வாங்கினால் தொழில் சீக்கிரம் வரும் என்று நம்பியவர்கள். மூன்று, நான்கு வருடங்களாக அந்த வரிசை மெலிந்துகொண்டே வந்தது. பையன்கள் அப்பாவின் காரை எடுத்து யாரும் சொல்லாமலே ஓட்டிப் பழகிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பதிலாக வேறு ஆட்கள் வந்து விசாரிக்க ஆரம்பித்தார்கள். ஐம்பதைத் தொட்ட பெண்கள். பிள்ளைகள் டல்லாஸிலோ ஹைதராபாத்திலோ இருப்பார்கள். கணவருக்குச் சர்க்கரையால் கண் மங்கியிருக்கும், அல்லது கணவரே இருக்க மாட்டார். பிள்ளை வாங்கிக் கொடுத்த கார் மட்டும் ஷெட்டில் உறை போட்டு நிற்கும்.

விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்வது சத்திராஜுவின் மனைவி மங்கதாயாரு. மேஜை, போன், விண்ணப்பம், சாமி படத்துக்குப் பூ எல்லாம் அவர் பொறுப்பு. வந்த பெண்கள் எல்லோரும் ஒரே மூன்று கேள்வியைத்தான் கேட்டார்கள். சொல்லித்தர லேடீஸ் இருக்கிறார்களா? கியர் இல்லாத வண்டி உண்டா? சார் கத்துவாரா? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் தேவைப்பட்டதில்லை. பக்கத்துத் தெருவில் வந்துகொண்டிருக்கும் பாடம் அவர்கள் காதில் விழுந்துவிடும். சிலர் போகிற போக்கில் நான்காவதாக ஒன்றும் கேட்டார்கள்: “நீங்க ஓட்டுவீங்களா அம்மா?” இல்லை என்று மங்கதாயாரு சொல்வார். அவர்கள் பேனாவை மூடிவிட்டு, யோசித்துச் சொல்வதாகக் கிளம்பிவிடுவார்கள்.

இதையெல்லாம் அவர் சாப்பாட்டு நேரத்தில் கணவரிடம் சொன்னார். காலத்துக்குத் தகுந்தாற்போல மாற வேண்டும் என்பதைச் சத்திராஜுவும் ஒப்புக்கொண்டார். மறுநாளே பெயிண்டரை வரவழைத்து, ‘பெண்களுக்குத் தனிக் கவனம்’ என்று பலகை எழுதி வைத்தார். அதைப் பார்த்து வந்த நான்கு பேருக்கும் தனிக் கவனம் கிடைத்தது. அதாவது ஆண்களைத் திட்டும்போது ரோட்டைப் பார்த்துத் திட்டுவார், இவர்களைத் திட்டும்போது இவர்களையே பார்த்துத் திட்டினார்.

அந்த நால்வரில் ஒருவர் ஹைமாவதி காரு, பெண்கள் கல்லூரியில் நூலகர். மூன்றாம் நாள் காலை, காய்கறிச் சந்தை முனையில், இரண்டாவது கியருக்குப் பதில் நான்காவதைப் போட்டுவிட்டார். சத்திராஜு கத்திய கத்தலில் கத்தரிக்காய் எடை போட்டுக்கொண்டிருந்தவன் தராசைக் கீழே வைத்துவிட்டான் என்று கேள்வி. ஹைமாவதி காரு வண்டியை ஓரமாக நிறுத்தினார். முந்தானையைச் சரி செய்துகொண்டார்.

“சத்திராஜு காரு, நான் இருபத்தெட்டு வருஷமா ‘சத்தம் போடாதீர்கள்’னு எழுதின போர்டுக்குக் கீழ உக்காந்து பழகினவளுங்க. உங்க தொழிலுக்கு நான் சரிப்பட மாட்டேன். மன்னிச்சுக்குங்க.”

அவ்வளவு மரியாதையாகச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். கோதாவரிக்காரர்கள் அப்படித்தான். செருப்பால் அடிப்பதாக இருந்தாலும் அதைத் துடைத்துவிட்டு, அனுமதி கேட்டுக்கொண்டு அடிப்பார்கள்.

அவர் நேராகப் போய்ச் சேர்ந்த இடம் நவ்யா டிரைவிங் அகாடமி. காக்கிநாடாவிலிருந்து வந்த நஸ்ரீன் என்ற முப்பத்தைந்து வயதுப் பெண் ஆரம்பித்தது. ரோஜா நிறத்தில் கார், கியர் கிடையாது, வீட்டு வாசலுக்கே வந்து கூட்டிப்போவார். சத்திராஜு அந்தக் காரை ‘பஞ்சுமிட்டாய்’ என்றுதான் சொல்வார்.

ஹைமாவதி காரு போன ஒரு வாரத்தில், சத்திராஜு வெளியே போயிருந்த நேரம் பார்த்து மங்கதாயாரு என் கடைக்கு வந்தார். கையில் ஆதார் அட்டை. பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்றார். யாருக்கு என்று கேட்டேன். அட்டையை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“எங்க சேரப் போறீங்க?” என்றேன்.

“பஞ்சுமிட்டாய்ல.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அன்னய்யகாரு, இது உங்க வாயைத் தாண்டிச்சுன்னு வைங்க, உங்க மெஷினுக்கு வர்ற கரண்ட் எங்க மீட்டர்லேந்து வருதுங்கறது எனக்கு ஞாபகம் வந்துடும்.”

நான் வாயைத் திறக்கவில்லை. ஆறு வாரம், மத்தியானம் மூன்று மணிக்கு, மங்கதாயாரு விஷ்ணு சகஸ்ரநாமக் குழுவுக்குப் போய்வந்தார். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். பாராயணத்தின் பலன் என்று சத்திராஜு என்னிடமே சொல்லி மெச்சினார்.

வெளிச்சத்துக்கு வந்தது ஆர்.டி.ஓ. மைதானத்தில். அன்றைக்குச் சத்திராஜு இரண்டு பையன்களைத் தேர்வுக்குக் கூட்டிப்போயிருந்தார். ஒருவன் பின்னால் எடுக்கும்போது கம்பத்தைச் சாய்த்துவிட்டு அழுகிற நிலையில் நின்றான். அவனுக்கு அவர் பாராட்டுரை வழங்கிக்கொண்டிருக்கும்போது, அடுத்த பெயர் கூப்பிட்டார்கள். மங்கதாயாரு, கணவர் பெயர் சத்திராஜு. மைதானத்தில் இருந்த புரோக்கர்கள், டீ விற்பவர், தேர்வுக்கு வந்தவர்கள் எல்லோரும் முதலில் காரைப் பார்த்தார்கள், பிறகு சத்திராஜுவைப் பார்த்தார்கள். ரோஜா நிறக் கார் மெல்ல வளைந்து, கம்பங்களுக்கு நடுவே பின்னால் போக ஆரம்பித்தது. கரும்பச்சைப் புடவை. சங்கராந்திக்குச் சத்திராஜுதான் வாங்கிக் கொடுத்தது.

பழக்க தோஷம் யாரை விட்டது. “ஸ்டீரிங்கை நேராப் பிடி” என்று அவர் தொண்டை தானாகவே கத்திவிட்டது.

கார் நின்றது. கண்ணாடி இறங்கியது. மங்கதாயாரு தலையை வெளியே நீட்டினார்.

“ஏமண்டி, இது உங்க வண்டி இல்லீங்க.”

கண்ணாடி ஏறியது. கார் மீதி தூரத்தையும் ஒரு கம்பத்தைக்கூடத் தொடாமல் முடித்தது.

அதற்குப் பிறகு மூன்று நாள் சத்திராஜுவின் குரல் கேட்கவில்லை. ஊர் அதைச் சும்மா விடுமா? டீக்கடையில் அவரைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்தார்கள். வதினகாருவின், அதாவது அண்ணியின், கைராசியான கார் எங்கே கிடைக்கும், நம் ஊரில் நல்ல டிரைவிங் ஸ்கூல் எது, சகஸ்ரநாமத்தில் ரிவர்ஸ் எடுப்பது எத்தனையாவது நாமம் என்றெல்லாம் பணிவாக விசாரித்தார்கள். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். என்மேலும் அவருக்குச் சந்தேகம். என் பக்கம் திரும்பாமலே பலகைத் தடுப்பில் இரண்டு ஆணி அடித்தார்.

நான்காம் நாள் மத்தியானம் பேச்சு ஆரம்பித்தது. தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் இருப்பது இருவருக்கும் தெரியும். எழுந்து போனால் காதில் விழுந்தது என்று ஆகிவிடும் என்பதால் அசையாமல் இருந்தேன்.

“என்கிட்டக் கேட்டிருக்கலாமே” என்றார் சத்திராஜு.

“கேட்டேங்க. கல்யாணமாகி ரெண்டாவது வருஷம்.”

“எப்போ?”

“பழைய பியட்ல கத்துக் கொடுத்தீங்க. கால் மணி நேரம். அதுக்கப்புறம் நான் பதினஞ்சு நாள் எங்க அம்மா வீட்ல இருந்தேன். மாமியாரோட சண்டைன்னு நீங்க எல்லார்கிட்டயும் சொன்னீங்க. பாவம், அவங்களும் மறுக்கல.”

சத்திராஜுவுக்கு அது நினைவே இல்லை. அதுதான் அவரை அதிகம் அசைத்தது என்று நினைக்கிறேன். அங்கே எப்படிச் சொல்லித்தருகிறார்கள் என்று கேட்டார். மங்கதாயாரு சொன்னார். நஸ்ரீன் நன்றாகச் சொல்லித்தருகிறாள். தப்புச் செய்தால் பரவாயில்லை, இன்னொரு தடவை என்பாள். கடைசி நான்கு நாள் இரவல் வாங்கிய கியர் வண்டியிலும் பழக்குவாள். ஆனால் எல்லாம் மைதானத்திலும் கல்லூரிப் பின்பக்க ரோட்டிலும்தான். இருபது வகுப்போடு முடிந்துவிடும். தேர்ச்சி பெற்ற பெண்கள் உரிமத்தைப் பீரோவில் வைத்துவிட்டு ஆட்டோவில் போகிறார்கள். ஹைமாவதி காருவும் அப்படித்தான்.

“நான் மட்டும் என்ன? லைசென்ஸ் வந்துடுச்சு. வாய்க்கால்மேல இருக்கற அந்தச் சிவப்புப் பாலத்தை நினைச்சா நானும் ஆட்டோவைத்தான் கூப்பிடறேங்க. அந்தப் பக்கம் அம்பாஜிபேட்டைத் தேங்கா லாரி, இந்தப் பக்கம் பஸ், நடுவுல எருமை. அதை ஓட்டிக் காட்ட இந்த ஊர்ல உங்களை விட்டா யாருங்க இருக்காங்க? கத்தாம இருந்தீங்கன்னா, பீரோவுல இருக்கற அத்தனை லைசென்ஸும் நம்ம வாசலுக்கு வரும்.”

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சத்திராஜு மனைவியை ஸ்கூல் காரின் ஸ்டீரிங்குக்குப் பின்னால் உட்கார வைத்துக் கிளம்பினார். எட்டு மணிக்கே போகலாம் என்றதற்கு, கூட்டம் இல்லாத பாலத்தில் என்ன பழகுவது என்று மங்கதாயாரு சொல்லிவிட்டாராம். வேடிக்கை பார்க்க நானும் பின்னாலேயே ஸ்கூட்டரில் போனேன். கடையை யாரும் தூக்கிப்போய்விட மாட்டார்கள்.

பாதிப் பாலம் வரை சத்தமே இல்லை. எதிரே தேங்காய் லாரி வந்தது. வண்டி சற்று இடது பக்கம் ஒதுங்கி, திணறி, நின்றது. அந்தக் காரில் சத்திராஜு உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக்கும் கிளட்ச்சும் உண்டு. இரண்டையும் மிதித்துக்கொண்டு அவர் கத்தியது வாய்க்காலில் துணி துவைத்தவர்களுக்குக் கேட்டது. லாரிக்காரனே பயந்து பிரேக் போட்டான்.

மங்கதாயாரு எஞ்சினை அணைத்தார். சாவியை எடுத்து இடுப்பில் செருகினார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

பின்னால் பஸ், அதன் பின்னால் ஆட்டோக்கள், எதிரே லாரி, அதன் பின்னால் இன்னொரு லாரி. ஹாரன்கள் எழுந்தன. சத்திராஜு முதலில் சாவியைக் கேட்டார். பிறகு கெஞ்சினார். இப்போது சொன்னதையே மெதுவாகச் சொன்னால் வண்டி நகரும் என்பதுதான் அம்மையாரின் ஒரே நிபந்தனை. அதற்குள் லாரி கிளீனர் இறங்கி வந்து ஜன்னலில் கை வைத்து நின்றான். பஸ் கண்டக்டர் அடுத்த ஜன்னலில். இருவரும் சத்திராஜுவின் பழைய மாணவர்கள்.

“குருகாரு, அம்மாகாருகிட்ட எப்போ சேந்தீங்க?” என்றான் கிளீனர்.

“பாடம் நடக்கும்போது பேசாதடா. குருகாரு ஒப்பிக்கணும்” என்றார் கண்டக்டர்.

பஸ்ஸிலிருந்து ஒருவர், இன்னும் கொஞ்ச நேரம் ஆகுமென்றால் இறங்கி டிபன் சாப்பிட்டுவிட்டு வரலாமா என்று மிகுந்த மரியாதையுடன் கேட்டார். சத்திராஜுவின் காது மடல் சிவந்துவிட்டது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கியர் மாற்றும் குறிப்பை வீட்டுக்குள் பேசும் குரலில் சொன்னார்.

“கிளட்ச்சை மெல்ல விடு, மங்கா. லாரி உன் பக்கம் வராது. அவனுக்கும் இடம் இருக்கு, உனக்கும் இடம் இருக்கு.”

சாவி இடுப்பிலிருந்து வந்தது. கார் ஒரு தடவை குலுங்கி, பாலத்தைக் கடந்தது. பஸ்ஸில் யாரோ கை தட்டினார்கள்.

இந்தச் சங்கதி மத்தியானத்துக்குள் கல்லூரி நூலகத்துக்குப் போய்விட்டது. மூன்றாம் நாள் ஹைமாவதி காரு வந்தார். சத்தம் போடாமல் பேச வரும் என்று பாலத்தின்மேல் நிரூபித்தீர்களாமே, வாழ்த்துக்கள் என்றார். தன் சொந்தக் காரில் ராஜோலில் இருக்கும் தங்கை வீடு வரை ஓட்டிப்போக வேண்டும், கூட வர முடியுமா என்று கேட்டார். சத்திராஜு பெருந்தன்மையாகச் சம்மதித்தார். காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. அது ஹைமாவதி காருவின் டல்லாஸ் பிள்ளை வாங்கிக் கொடுத்த கார். இவர் காலடியில் ரப்பர் விரிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

இருபத்து மூன்று வருடம் அவர் தைரியமாகக் கத்தியதெல்லாம் காலுக்கடியில் ஒரு பிரேக் இருந்த தைரியத்தில்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இதை அவரே பின்னால் என்னிடம் ஒப்புக்கொண்டார். கத்தினால் அந்த அம்மாள் பயந்து எதையாவது மிதித்துவிட்டால் போய்ச் சேருவது இருவரும். ஆகவே ராஜோல் வரை பட்டுப்போன்ற குரலில் பேசினார். மெதுவாக, மெதுவாக, பரவாயில்லை, எருமை தானாகவே போய்விடும், பரவாயில்லை. இடது கை ஜன்னலுக்கு மேலிருந்த பிடியை விடவே இல்லை. வலது கால் விரிப்பை மிதித்த மிதியில் செருப்பின் வார் அறுந்துபோய், தங்கை வீட்டுக்குள் ஒற்றைச் செருப்போடு போனார். அங்கே பெசரட்டு உப்புமா கொடுத்தார்கள். இவ்வளவு பொறுமைசாலியை இந்த ஜில்லாவில் பார்த்ததில்லை என்று அந்தத் தங்கையும் சொன்னாராம். மறுப்பு எதுவும் சொல்லாமல் இவர் இரண்டாவது பெசரட்டை வாங்கிக்கொண்டார்.

பீரோக்கள் திறக்க ஆரம்பித்தன. மகளின் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போக வேண்டும் என்று ஒருவர். அந்தர்வேதி கோயிலுக்கு யாரையும் கேட்காமல் போக வேண்டும் என்று ஒருவர். கணவர் பக்கத்தில் உட்கார்ந்தால் கியரே மறந்துபோகிறது, அவரைக் கூட்டிவராமல் இருக்க ஏதாவது ஏற்பாடு உண்டா என்று இருவர். மங்கதாயாரு ஒவ்வொருவரிடமும் எங்கே போக வேண்டும், எதற்குப் பயம் என்று முதலிலேயே கேட்டுவிடுவார். லாரிக்குப் பயம் என்றால் சிவப்புப் பாலம். பின்னால் எடுக்கப் பயம் என்றால் காய்கறிச் சந்தை. ஆரம்பத்தில் அவரும் பின் இருக்கையில் ஏறிக்கொள்வார். கணவரின் குரல் ஒரு படி ஏறினால் தோளில் ஒரு தட்டு. இரண்டு படி ஏறினால் இரண்டு தட்டு. மூன்று தட்டு விழுந்ததாக நான் கேள்விப்படவில்லை.

தசரா சமயத்தில் நஸ்ரீன் ஒரு பெட்டி பூதரேக்கு மிட்டாயுடன் கடைக்கே வந்தார். சத்திராஜு எழுந்து நின்று, உட்காரச் சொல்வதா வேண்டாமா என்று தீர்மானிக்க முடியாமல், மேஜை விசிறியை மட்டும் அவர் பக்கம் திருப்பி வைத்தார். தன்னிடம் தேர்ச்சி பெற்றவர்களைப் பெரிய ரோட்டுக்கு இங்கே அனுப்பலாமா என்று நஸ்ரீன் கேட்டார். பெரிய ரோட்டில் சொல்லித்தரத் தனக்கு நேரமும் இல்லை, தைரியமும் இல்லை என்றும் சொன்னார்.

“ஓட்டவே தெரியாதவங்க இங்க வந்தா உங்ககிட்ட அனுப்பிடறோம்” என்றார் மங்கதாயாரு.

சத்திராஜு தொழிலைப் பாதியாக வெட்டிக் கொடுத்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். பிறகு மிட்டாய் ஒன்றை எடுத்தார்.

“உங்க வண்டிக்கு அந்தக் கலர் எதுக்குங்க?” என்று கேட்டார்.

“தூரத்துலேந்தே தெரியும் பாபாய்காரு. ஒதுங்கிக்கலாம்ல.”

பாபாய்காரு, அதாவது சித்தப்பா, சிரித்துவிட்டார். வாயிலிருந்த சர்க்கரைத் தூள் சட்டையெல்லாம் விழுந்தது. ‘பெண்களுக்குத் தனிக் கவனம்’ பலகை அந்த வாரம் இறங்கியது. அதற்குப் பதில் என்ன எழுதுவது என்று கணவனும் மனைவியும் ஒரு மாதம் சண்டை போட்டார்கள். கடைசியில் மங்கதாயாரு சொன்னதுதான் ஏறியது: ‘லைசென்ஸ் இருக்கிறதா? வாருங்கள், ரோட்டுக்குப் போகலாம்.’

கத்தல் அடியோடு நின்றுவிட்டதாகச் சொல்ல மாட்டேன். காலை ஆறு மணிக்கு இன்னும் நான்கு பையன்கள் வருகிறார்கள். கொஞ்சம் கத்தியே சொல்லிக்கொடுங்கள் என்று அவர்களின் அப்பாக்களே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் முகத்தில் வரும் களையைப் பார்க்க வேண்டும். அந்த நேரத்துக்கு நான் கடை திறப்பதில்லை.

போன மாதம் மங்கதாயாரு தனியாகக் காக்கிநாடா போனார், அக்காவைக் கூட்டிவர. சொந்தக் கார், பழையது, வெள்ளை. கூட வருகிறேன் என்று சத்திராஜு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். வேண்டாம், ஓட்டும்போது போன்கூட எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு மங்கதாயாரு கிளம்பினார். அன்று முழுக்கச் சத்திராஜு வாசலில்தான் நின்றார். இரண்டு தடவை தெருவைக் கூட்டினார். என் கடைக்கு வந்து, தேவையில்லாமல் தன் ஆதார் அட்டைக்கு மூன்று பிரதி எடுத்துக்கொண்டு போனார். யானாம் பாலத்தில் வேலை நடக்கிறதாமே என்றார். நான் கேள்விப்படவில்லை என்றேன். நீ எதைத்தான் கேள்விப்பட்டாய் என்று முறைத்தார்.

நான்கு மணிக்குக் கார் வந்து நின்றது. அக்கா இறங்கி, பை, மாங்காய்க் கூடை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சத்திராஜு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இடது பின் கதவில், கைப்பிடிக்குக் கீழே, ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். புதியது. அவர் நெஞ்சு விரிந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. என் கை தானாக லேமினேஷன் மெஷினை அணைத்தது.

மங்கதாயாரு இருக்கையை விட்டு இறங்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ராமச்சந்திரபுரத்துல டிராக்டருங்க” என்றார். “அவன்மேலதான் தப்பு. பாதிக்குமேல என்மேல.”

சத்திராஜு மூச்சை விட்டார். அது நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது.

“பயந்துட்டியா?” என்று கேட்டார்.

“கொஞ்சம்.”

“இறங்கி வா. காபி போடறேன்” என்றார்.

கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் அவர் போட்ட முதல் காபி அது. எனக்கும் ஒரு டம்ளர் தடுப்புக்கு மேலே நீட்டினார். சர்க்கரை போட மறந்திருந்தார். அதை நான் சொல்லவில்லை. மங்கதாயாரு மட்டும் உள்ளிருந்து மெதுவாகச் சொல்வது கேட்டது.

“பரவாயில்லைங்க. இன்னொரு தடவை போடுங்க.”